நடு பீம் இறங்கிய அளவு

என் பெயர் கோவிந்தசாமி, வயது 52, தகப்பனார் பெயர் ராஜாராம், இருப்பு செஞ்சி சிங்கவரம் ரோடு. ஆட்டோ ஓட்டுகிறேன். பத்தாவதில் கணக்கில் தோற்றவன். என் மகள் சுவாதி, கல்யாண மண்டபம் கட்டும் இடத்தில் சைட் இன்ஜினியர். உயர வித்தியாசம் அளக்கும் லெவல் கருவியில் மகள் முதன்முதலாகப் பார்க்கச் சொன்னபோது, நான் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு நன்றாகத் தெரிகிறது என்று சொன்னவன்.

சம்பவத்தன்று காலை மகளை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டபோது, உதவியாள் வராததால், ஸ்டாஃப் என்கிற நீள அளவுகோலைத் தலைகீழாகத் திருப்பி நடு பீமின் அடியில் முட்டவைத்து நான்தான் பிடித்தேன். மகள் கருவியில் பார்த்து, பீம் நேற்றைவிட ஒன்பது மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்றாள். அதன்பின் மேலே அடுக்கியிருந்த செங்கல்லின் எடையைக் கணக்குப் போட்டு, அதை இறக்கும்வரை கீழே தாங்கும் சவுக்குக் கட்டையில் ஒன்றைக்கூடக் கழற்றக்கூடாது என்று காண்டிராக்டர் வெற்றிவேலிடம் சொன்னாள். அவருக்கு அந்தக் கட்டைகள் அவலூர்பேட்டை வேலைக்கு அன்றே வேண்டும்.

"டியூப்ல பாத்து ஜோசியம் சொல்றியா? உங்கப்பன கீழ நிக்க வச்சி இன்னொரு வாட்டி அள. நம்பர் மாறினா கட்டைய தொடமாட்டன்" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். மகள் வேண்டாம் என்றாள். நான்தான், எனக்கு உயரம் கம்மி, விழுந்தாலும் கடைசியாகத்தான் என்மேல் படும் என்று சொல்லிக்கொண்டு போய் நின்றேன்.

அதன்பின் மகள் கருவியில் கண் வைத்திருந்தபோது, வெற்றிவேல் கூலியாள் பாவாடையிடம், "ஆட்டோக்காரன் லுங்கி நனையுதான்னு பாப்பம், ஒண்ணு தட்றா" என்றார். பாவாடை தயங்கினார். நாளைக்கு வேலை வேண்டுமா வேண்டாமா என்று வெற்றிவேல் கேட்டதும் என் பக்கத்தில் வந்து, "கோச்சிக்காதண்ணே" என்று சொல்லிவிட்டு ஒரு கட்டையைச் சுத்தியலால் தட்டினார். உடனே மகள் கத்தினாள். நான் கோலைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். பீம் பாவாடைமேல் விழுந்தது.

அதன்பின் பாவாடையைத் தூக்கிப்போன ஆஸ்பத்திரியில், கட்டையைக் கழற்றச் சொன்னது இன்ஜினியர் பெண்தான் என்று பாவாடையின் மனைவி வளர்மதியிடம் வெற்றிவேல் சொன்னார். அதையே புகாராகவும் கொடுத்திருக்கிறார். அது பொய். வளர்மதி என் மகளைச் செருப்பால் அடித்தார். மகள் கருவியின் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

அதன்பின் ஆட்டோவில் வரும்போது, "நைனா, பாவாடை அண்ணனையும் வெளிய வரச் சொன்னன்தான?" என்று கேட்டாள். "சொன்ன கண்ணு, அவருக்குக் காதுல விழல" என்றேன். அவள் 'நைனா' என்று மட்டும்தான் கத்தினாள் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது.

ஒப்பம்: ரா. கோவிந்தசாமி