கருத்துக்கு ஒரு மொய் விருந்து

விழாவுக்குத் தலைமை ஏற்று, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட குடியிருப்போர் நலச் சங்கத் தலைவி பரிமளா அம்மையார் அவர்களே! கோவையிலே பிறந்து, நம் கோகர்ணத்துக்கு வந்து, எங்கள் குழம்பின் காரத்தில் கண் கலங்கினாலும் கடமையில் கலங்காத உதவிப் பொறியாளர் தேவிப்ரியா அவர்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்து, மூன்றாவது தேநீருக்கும் கை நீட்டிவிட்ட பெரியோர்களே! அடுப்பில் பாலை வைத்துவிட்டு அரை மனதோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! என்னைப் படம் பிடிப்பதாகச் சொல்லித் தங்களையே படம் பிடித்துக்கொள்ளும் தம்பிமார்களே, தங்கைமார்களே!

இந்த மேடை யாருடையது? இந்தப் பந்தல் யாருடையது? நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலி யாருடையது? நான் முழங்கும் இந்த மைக் யாருடையது? அனைத்தும் ஆண்டியப்பன் வாடகைக் கடையினுடையது! திருவரங்குளத்திலே பிறந்து, திருக்கோகர்ணத்திலே திளைத்து, எட்டாம் வகுப்பை எட்டிப் பார்த்து, அதற்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தாங்கும் சக்தி இல்லாததால் வெளியே வந்த உங்கள் ஆண்டியப்பன், எல்லோரையும் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

அம்மையார் எனக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். "அண்ணே, அடுத்த டவுன் பஸ் வர்ற வரைக்கும் பேசுங்க. பஸ் வந்துட்டா மைக்கைக் குடுத்துடணும்" என்றார். போன வருடம் இப்படிச் சொல்லியிருந்தால் நான் பொங்கல் வரைக்கும் பேசியிருப்பேன். இப்போது முடியாது. அதோ பாருங்கள்! இன்று திறந்து வைத்திருக்கிறோமே, அந்தப் புத்தம்புதிய நிழற்குடையின் நெற்றியிலே மின்னுகிறதே ஒரு திரை, அது பேருந்து எங்கே வருகிறது என்று காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதற்குள் இந்த நிழற்குடை பிறந்த வரலாற்றை நான் சொல்லியாக வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, இந்த மேலக்குளத்து வளைவு எப்படி இருந்தது? கம்பம் உண்டா? பலகை உண்டா? ஒன்றும் கிடையாது. நாம் கையைக் காட்டுவோம், ஓட்டுநர் நிறுத்துவார். அவ்வளவுதான் நம்முடைய பேருந்து நிறுத்தம்! அப்படியிருக்க ஒரு நாள் திட்டம் வந்தது. கண்ணாடி போட்ட நிழற்குடை, கணினித் திரை, கதிரவன் ஒளியில் எரியும் விளக்கு. ஆகா, என்று நிமிர்ந்தோம். எங்கே கட்டுகிறார்கள் என்று பார்த்தால், அங்கிட்டு, கல்யாண மண்டபத்துக்கு எதிரே! அங்கே எந்தப் பேருந்து நின்றது? அங்கே யார் கை காட்டியது? மாப்பிள்ளை ஊர்வலம் தவிர எது நின்றது?

"கருத்துச் சொல்லலாம், கடைசித் தேதிக்குள் செயலியில் பதியுங்கள்" என்று ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். நமது வட்டாரத்தில் எத்தனை பேர் பதிந்தார்கள்? ஒரே ஒருவர். யார்? நான்! என்ன பதிந்தேன்? பந்தல் வாடகைக்கு அணுகவும் என்று என் கைப்பேசி எண்ணைப் பதிந்தேன். அதுவும் ஒரு கருத்துதானே?

ஆனால், அந்த அறிவிப்பை ஆயிரம் பேர் பார்த்தார்கள். உள்ளே இருந்த பொருளைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். தலைப்பு என்ன? "சீர்மிகு நகரம்." சீர்! சீர் என்றால் என்ன? தட்டு தட்டாகத் தாய்மாமன் கொண்டுவருவது. சீர்மிகு நகரம் என்றால்? சீர் மிகுதியாக வரப்போகும் நகரம்! சீர் வருகிறது என்றால் நாம் சும்மா இருக்கலாமா? பந்தல் போட வேண்டாமா? இலை போட வேண்டாமா? மொய் செய்ய வேண்டாமா? வீட்டுக்கு ஓடினேன். என் இல்லத்தரசி ராசாத்தியிடம் சொன்னேன்.

"அது அந்தச் சீர் இல்லங்க. சீருன்னா ஒழுங்கு. ஊரை ஒழுங்கு பண்றாங்களாம்" என்றார்.

"ஒழுங்குன்னு எழுதத் தெரியாதா அவங்களுக்கு? சீருன்னு எழுதியிருக்கான்ல?" என்றேன்.

"ஒங்களுக்கு எலை போட ஒரு சாக்கு வேணும்" என்றார். இதோ இரண்டாவது வரிசையில் இருந்து என்னை முறைக்கிறார். இருக்கட்டும்! தப்பாகப் புரிந்துகொண்டவன்தான் சரியான காரியத்தைச் செய்தான்!

நமது பக்கத்து மொய் விருந்தை உலகம் அறியும். வருகிறவர் சாப்பிடுவார், மொய் செய்வார், மைக்கில் ஊரும் பேரும் சொல்வோம். வாங்கியவர், ஒரு நாள் அதைத் திருப்பிச் செய்தே தீர வேண்டும். திருப்பிச் செய்யாதவர் தெருவிலே தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? ஆகவே நான் அறிவித்தேன்: "கருத்து மொய் விருந்து! காசு கொண்டுவராதீர், கருத்துக் கொண்டுவாரீர்!" வாங்கப்போவது யார்? இந்தத் திட்டத்தைப் போட்ட நம் பொறியாளர் அம்மா. பத்திரிகை வைக்கப் போனேன். மொய் விருந்து, ஆட்டுக்கறி என்று போட்டிருந்த அட்டையைப் பார்த்ததும் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார்.

"ஐயோ, நான் அரசு ஊழியருங்க! மொய்யெல்லாம் வாங்கக் கூடாதுங்க. வேலை போயிருமுங்க!"

"காசு இல்லம்மா. யோசனை. வாயால சொல்றது."

"வாயால சொல்றதுக்கு எதுக்குங்க ஆட்டுக்கறி?"

"வாயி சும்மா தொறக்குமாம்மா?" என்றேன்.

சிரித்துவிட்டார். "வர்றேனுங்க. சாப்பாடு மட்டும் என் வீட்டுல இருந்து கட்டிக்கிட்டு வந்துருவேன்" என்றார். சொன்னபடியே டிபன் பாக்ஸோடு வந்தார். தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் குழம்பு மட்டும் கேட்டு வாங்கி, அதிலேதான் கண் கலங்கினார்.

இதே வளைவை ஒட்டித்தான் பந்தல் போட்டேன். விருந்தன்று வந்த கூட்டம் இருக்கிறதே! ஐயாயிரம் பேர்! என்ன ராசாத்தி, கையை ஆட்டுகிறாய்? இரண்டு பந்தியா? சரி, இரண்டு பந்தி. ஆனால் ஒவ்வொருவரும் உண்ட அளவைப் பார்த்தால் ஐயாயிரம் என்பது குறைவு!

மைக்கில் நின்றவர் நம் கோபிநாத். நம் ஊர் மொய்க் குரல் அவருடையதுதானே? அதே ராகத்தில் ஆரம்பித்தார்: "வடக்குத் தெரு அமிர்தவல்லி, கருத்து ஒண்ணு! வெளிச்சம் வேணும், ஆனா எங்க வீட்டுச் சன்னலுக்குள்ள அடிக்கக் கூடாது!" கைதட்டல். "கறம்பக்குடி மூக்கன், கருத்து ஒண்ணு! கொழம்புல உப்புக் கம்மி!" என் சகலை மூக்கன், பேருந்து ஏறி வந்து சொன்ன கருத்து இது. அதையும் பொறியாளர் அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். செயலியிலே வாய் திறக்காத ஊர், இலைக்கு முன்னால் வாய் திறந்தது! வளைவிலே கட்டு, பஸ் படி உயரத்துக்கு மேடையோடு கட்டு என்று பந்தலே அதிர்ந்தது!

பிறகு எழுந்தார், இந்த வளைவிலேயே பஞ்சர் கடை வைத்திருக்கும் கண்ணுசாமி. மைக்கைத் தானே பிடுங்கினார். "கருத்து ஒண்ணு! வேணாம்! வளைவுல கட்டுனா என் கடையே மறைஞ்சிடும். அதுலயும் ஒசரமா மேடை வேற கேக்குறாங்க. எதுக்கு? நம்ம கார்த்திகா பஸ் ஏறுறதுக்கு. தெனமும் அந்தப் புள்ளையைத் தூக்கி ஏத்திவிடுறது யாரு? நானு! என் கையி இருக்கையில சிமெண்டு எதுக்கு?"

கை தட்டினார்கள். தட்டத்தானே செய்வார்கள்? கார்த்திகாவுக்கு இரண்டு காலிலும் இரும்புக் கவசம், இரண்டு கைகளிலும் ஊன்றுகோல். பேருந்து நிலையத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை. காலையிலே கண்ணுசாமி கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து தூக்கி ஏற்றுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அண்ணனும் தம்பியும் செய்யாததை அவர் செய்கிறார்!

கார்த்திகா இலையை மூடிவிட்டு எழுந்தார். ஊன்றி ஊன்றி மைக்குக்கு வந்தார்.

"சித்தப்பா, நீங்க நல்லவரு. அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா நீங்க அறந்தாங்கிக்குக் கல்யாணத்துக்குப் போனா எனக்கு லீவு. ஒங்களுக்குக் காச்சல்னா நான் வீட்டுல. இன்னொரு தடவை வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்னு எங்க மேனேஜர் சொல்லிட்டாரு. எறங்கையில நான் கம்பியைப் புடிச்சு எறங்கிக்குவேன். பஸ் ஸ்டாண்டுல ஏற மேடை இருக்கு. இங்க ஏறத்தான் ஒசரம் எட்டலை. மண்டபத்துக்கிட்ட கட்டுனா, நான் கட்டை ஊனி அங்கிட்டுப் போறதுக்குள்ள பஸ் போயிரும்."

பிறகு சொன்னார்: "என் கருத்து ஒண்ணுதான். என்னையத் தூக்காதீங்க. தரையைத் தூக்குங்க."

என் அருமைப் பெருமக்களே! எத்தனை மேடை கண்டவன் நான்! எத்தனை முழக்கம் கேட்டவன் நான்! அந்த நாலு வார்த்தைக்கு ஈடாக ஒன்றை எங்கும் கேட்டதில்லை. எலும்பு கடித்துக்கொண்டிருந்த மூக்கன்கூட வாயிலே வைத்தது வைத்தபடி நின்றுவிட்டார். கண்ணுசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். பந்தலை விட்டு வெளியே போய்விட்டார்.

போச்சு, என்றார்கள். மனுசன் கோவிச்சுக்கிட்டான், என்றார்கள். வளைவில் கடை வைத்திருப்பவரே வேண்டாம் என்றால் எப்படிக் கட்டுவது? கண்ணுசாமி மனசு நோக, கார்த்திகா எப்படி நாளைக்கு அந்த வளைவில் போய் நிற்பது? அந்தப் பெண் மைக்குப் பக்கத்திலேயே நின்றார். உட்காரவில்லை.

திடீரென்று வெளியே தடதடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால், கண்ணுசாமி தன் கடை வாசலில் போட்டிருந்த தகரத் தாழ்வாரத்தைத் தானே பிரித்துக்கொண்டிருக்கிறார்! வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார்.

"கோபிநாத்து, பழைய மொய்யை அடிச்சிட்டுப் புதுசு சொல்லுடா. பஞ்சர் கடை கண்ணுசாமி, கருத்து ஒண்ணு. தகரத்தை உள்ள இழுத்துக்கிட்டேன். எடம் பத்தலைன்னா இன்னும் இழுத்துக்கிறேன்." பிறகு பொறியாளர் அம்மா பக்கம் திரும்பினார். "ஆனா என் கடை போர்டை மட்டும் அந்த நிழற்குடை மேல மாட்டிக்கிறேம்மா."

"அது மட்டும் முடியாதுங்க!" என்றார் அம்மா.

சிரிப்பிலே பந்தல் பிய்ந்துவிட்டது! உண்மையாகவே ஓர் ஓரம் பிய்ந்துவிட்டது, நான்தான் தைத்தேன்!

அப்போது பொறியாளர் அம்மா மைக்கைக் கேட்டு வாங்கினார். "வரைபடத்துல ரோடு எங்க அகலமோ அங்க போட்டேனுங்க. பஸ் எங்க நிக்க முடியும்னு பார்த்தேன். நீங்க எங்க நிக்கிறீங்கன்னு பார்க்கலீங்க. எல்லாரோட மொய்யும் வாங்கிட்டனுங்க. திருப்பிச் செய்யாம இந்த ஊரை விட்டுப் போக மாட்டேனுங்க."

செய்தாரா இல்லையா? காலையிலே வந்து நின்று, ஒவ்வொரு பேருந்தின் படிக்கும் கீழே குனிந்து அளந்தாரா இல்லையா? ஓட்டுநர்களிடம் கெஞ்சி, மேடையை ஒட்டி நிறுத்தப் பழக்கினாரா இல்லையா? அமிர்தவல்லி அக்காள் சன்னலுக்கு வெளிச்சம் போகாமல் விளக்கைத் திருப்பினாரா இல்லையா? மூக்கனின் உப்பு ஒன்றுதான் பாக்கி. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்!

பெருமக்களே! நகரம் என்பது என்ன? திரையா? கண்ணாடியா? கதிரவன் விளக்கா? மேலேயிருந்து படம் எடுத்தால் ரோடு தெரியும், கூரை தெரியும், குளம் தெரியும். கார்த்திகாவின் காத்திருப்பு தெரியுமா? கண்ணுசாமியின் கை தெரியுமா? அதை யார் சொல்வது? நாம்தான் சொல்ல வேண்டும்! வாய் திறந்து சொல்ல வேண்டும்! பேர் சொல்லி, ஊர் சொல்லி, பத்துப் பேர் கேட்கச் சொல்ல வேண்டும்! வேண்டும் என்பவரும் சொல்ல வேண்டும், வேண்டாம் என்பவரும் சொல்ல வேண்டும், வேண்டாம் என்று சொன்னவர் திரும்பி வந்து மாற்றிச் சொல்ல வாசலும் திறந்திருக்க வேண்டும்! கருத்துக் கொடுத்தவர் நாம். வாங்கியவர் கடன்பட்டவர். அந்தக் கடன் உணர்வு இருக்கிற ஊர்தான் சீர்மிகு நகரம்! கேட்டுக்கொள் ராசாத்தி, இதுவும் சீர்தான்! தட்டில் வராமல் தரையாக வந்த சீர்!

என்ன, எல்லோரும் அங்கிட்டுத் திரும்புகிறீர்கள்? ஓ! திரையிலே காட்டிவிட்டதா? இதோ முக்கில் ஆரன் கேட்கிறது. அம்மையார் அவர்களே, கையை நீட்டாதீர்கள், மைக்கைக் கொடுத்துவிடுகிறேன். இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வழி விடுங்கள், வழி விடுங்கள்! கார்த்திகா சரிவுப் பாதையில் ஏறுகிறார். மேடைக்கு வந்துவிட்டார். பேருந்து ஒட்டி நின்றுவிட்டது. யோவ் கண்ணுசாமி! எங்கே ஓடுகிறாய்? பழக்க தோசத்தில் ஓடுகிறாயா? நில்லு! அங்கேயே நில்லு!

நின்றுவிட்டார். கையை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்.

இதோ, ஒரு கட்டை உள்ளே. ஒரு கால் உள்ளே. மறு கட்டை... யாரும் பேசாதீர்கள்... ஏறிவிட்டார்! பெருமக்களே, ஏறிவிட்டார்! யார் கையும் படாமல் ஏறிவிட்டார்! அங்கே பாருங்கள் கண்ணுசாமியை! தூக்கிய கை இரண்டும் இன்றைக்குத் தட்டுகின்றன! தட்டுங்கள், எல்லோரும் தட்டுங்கள்!

மொய் செய்தவர்களுக்கு நன்றி. திருப்பிச் செய்தவருக்கு நன்றி. நடத்துனர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். ஊதுங்கள் ஐயா! ரைட், போகலாம்! எல்லோருக்கும் ஆண்டியப்பனின் நெஞ்சு நிறைந்த வணக்கம்!