அமெரிக்காவுக்குத் துக்கம் விசாரிக்க

தங்கச் சுரங்கத்திலிருந்து பங்காருபேட்டை போகிற ரயிலில் எனக்கெதிரே இரண்டு தொழிலாளர்கள். பெரியவர் மடியில் அரிசி மூட்டை. இளையவர் கையில் சந்தைக்கான காலிப் பை.

“அமெரிக்காவ ஆள்றவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்களாம். வேலூர் டாக்டரம்மாவுக்கு அந்த ஊருதானே? இந்த அரிசியக் குடுத்து துக்கம் விசாரிக்கப் போறேன்.”

“ஷிப்டுக்குப் போவலன்னா மேஸ்திரி பேரை எடுத்துடுவான்ணே. ராஜா செத்தா அந்தம்மாவுக்கு இன்னா? சொந்தமா?”

“ராஜா இல்லடா. ஜனங்களே கூடி, இவருதான்னு பார்த்து வெச்ச ஆளாம். ராஜான்னா தானா வந்தவன். இவங்களே வெச்சவரு போனா, வீட்டு ஆளு போன மாதிரிதானே? என் பொஞ்சாதியும் புள்ளையும் உசுரோட இருக்கறது அந்தம்மா கையால.”

வேலூர்ப் பக்கம் போகிற வண்டிக்கு மாறும் பங்காருபேட்டை வந்தது. இளையவர் காலிப் பையைச் சுருட்டி இடுப்பில் செருகினார்.

“மூட்டையக் குடுண்ணே. துக்கத்துக்கு ஒண்டியா போவக்கூடாது.”