சடச்சி எடுத்த அஞ்சு செங்கல்

தேரிக்காட்டுச் செம்மணலு ஒரு இடத்துல நிக்காம, காத்தடிச்ச பக்கமெல்லாம் அலைஞ்சுக்கிட்டுக் கிடந்த காலம் அது. ரோடு கிடையாது, குழாய் கிடையாது. அப்போ கருக்காவிளைன்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல சடச்சி, சடச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். நல்லவதான். அத முதல்லயே சொல்லிருதேன். பொறவு அவள யாரும் ஏசக் கூடாது.

ஊர்ல குடிக்கத் தண்ணி இல்ல. தோண்டுனா மணலு சரியும். ஒருக்கா சதுரமா வெட்டி, பனஞ்சட்டம் அடிச்சு நிறுத்திப் பாத்தாங்களாம். நாலு பக்கமும் உள்ள வளைஞ்சு ஒடிஞ்சு போச்சாம். அதுல போனவரு சடச்சியோட அப்பன். எடுத்துப் போட பொணம்கூடக் கிடைக்கலியாம். அன்னையிலேருந்து அவளுக்குக் கிணறுன்னாலே பயம். அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்ச்ச புருசன் யாரு? அணஞ்சபெருமாள்னு ஒரு கிணத்துக் கொத்தன். தலையெழுத்தப் பாருங்க.

அணஞ்சபெருமாள் சொன்னாராம், "சதுரம் வேண்டாம், வட்டமாக் கட்டுவோம். தரையிலயே செங்கல் வட்டம் கட்டி, உள்ள நின்னு அடி மண்ண எடுப்போம். எடுக்க எடுக்க வட்டம் தன் பாரத்துல தானே இறங்கும். இறங்க இறங்க மேல கட்டிக்கிட்டே போவோம்."

"இத்தனூண்டு செங்கல் எப்படிவே மணல நிறுத்தும்?" அப்படின்னாராம் ஊர்ப்பெரியவரு பலவேசம்.

அணஞ்சபெருமாள் உடனே பன்னெண்டு ஆம்பளைங்களக் கூப்பிட்டு, தோளோட தோள் ஒட்டி வட்டமா நிக்க வச்சாராம். பலவேசமும் அதுல ஒருத்தரு. மத்தவங்கள வெளிய இருந்து தள்ளச் சொன்னாராம். தள்ளுதாங்க, தள்ளுதாங்க, தள்ளத் தள்ள வட்டம் இறுகுதே தவிர உடையல. "பாத்தீயளா? மணலு தள்ளுத தள்ளுலதான் ஒரு கல்லு பக்கத்துக் கல்ல இறுக்கிப் பிடிக்கும். ஆழம் போகப் போகத் தள்ளும் கூடும், பிடியும் கூடும்." சொல்லிட்டு, பலவேசத்த மட்டும் பிடிச்சு உள்ள இழுத்தாராம். அம்புட்டுதான். பக்கத்துல நின்னவனுக்குச் சாய ஆளில்ல. மொத்தப் பேரும் பொத்து பொத்துன்னு உள்ள விழுந்தாங்களாம். சிரிக்காதீங்க. சடச்சியும் அன்னைக்குச் சிரிச்சவதான்.

வட்டம் இறங்குச்சு. ஒரு ஆள் ஆழம், ரெண்டு ஆள் ஆழம், எட்டு ஆள் ஆழம் வரைக்கும் இறங்குச்சு. அங்க போயி நின்னுபோச்சு. மூணு நாளா அசையல.

அந்தக் காலத்துல அந்தப் பக்கம் மாடம் இல்லாத கிணறே கிடையாதாம். சுவத்துல ஒரு குழி விட்டு, அம்மனுக்கு விளக்கு வைப்பாங்க. பலவேசம் ஆரம்பிச்சிட்டாராம், "மாடம் விடாமக் கட்டுனா அவ எப்படி இறங்க விடுவா? மாமனார எடுத்தா, இனி மருமகனையும் எடுப்பா." அணஞ்சபெருமாள் கேக்கல. "கட்டி முடியட்டும். தரைக்கு மேல வைப்போம். இப்போ ஒரு கல்ல எவனும் தொடக் கூடாது." அவருக்கு அது வெறும் பேச்சு. சடச்சிக்கு அது நெஞ்சுல ஏறிப்போச்சு.

மறுநாள் மத்தியானம் அவரு சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனாராம். சடச்சி தம்பி கொம்பையா, அவனும் கிணத்துலதான் வேலை. அவன்கிட்ட, "என்னக் கயித்துல இறக்குல"ன்னாளாம்.

"அக்கா, அத்தான் தொடக் கூடாதுன்னாரே."

"அஞ்சே அஞ்சுதாம்ல. எத்தன நூறு செங்கல் இருக்கு, அஞ்சு போனா என்ன கெட்டுப்போகும்?"

இறங்கினா. அடியிலேருந்து இடுப்பு உசரத்துல, உளியால நெம்பி அஞ்சு செங்கல எடுத்தா. மணல் ஈரத்துல சுண்ணாம்பு இன்னும் இறுகல, லேசா வந்துச்சு. பின்னால ஈர மணலு அப்படியே நின்னுச்சாம். அதுல விளக்கேத்தி, "எம் புருசன எனக்கு விட்டுரு தாயே"ன்னு கும்பிட்டாளாம். ஒரு ஆள இழுத்ததுல மொத்த வட்டமும் விழுந்ததப் பாத்தவதான். பயம் வந்தா கண்ணால பாத்தது நிக்காது.

விடிஞ்சுது. அணஞ்சபெருமாளும் கொம்பையாவும் இறங்கிட்டாங்க. மாடம் வச்சத கொம்பையா அத்தான்கிட்ட சொல்லல. அதுக்குள்ள மாடம் வச்ச சேதி ஊருக்குத் தெரிஞ்சு, அத்தன சனமும் கிணத்துக் கரையில வந்து குனிஞ்சு எட்டிப் பாக்குது. கீழ விளக்கு அணைஞ்சு கிடக்கு. மாடத்துலேருந்து மணலு, சல்லடையில மாவு விழுற மாதிரி விழுது.

அணஞ்சபெருமாள் அதப் பாத்தாராம். முதுக அந்தக் குழியில கொண்டு போயி அடைச்சாராம். "கொம்பையா, நீ ஏறு."

ஒரு கயிறு, ஒரு ஆளுதான் ஏறலாம். கொம்பையா அழுதுக்கிட்டே ஏறினான். கயித்த மறுபடி கீழ போட்டாங்க. அவரு தொடல.

"நான் நகந்தா மொத்தமும் வந்துரும். யாரு கல்ல எடுத்தது?"

"நாந்தான்"னாளாம் சடச்சி. "உங்களுக்காகத்தான் எடுத்தேன்."

சொல்லிட்டு அவ அழுதா. பொறவு, "சரி, அழாத. கரையில நிக்கிற சனத்தத் தள்ளிப் போவச் சொல்லு"ன்னாராம். சனம் விலகிப் போச்சு. சடச்சி மட்டும் போகல.

"நீயும் போடி. நீ நிக்கிற பாரமும் எம் முதுகுலதான் வருது."

என்ன செய்வா? புருசன் சாகப்போற நேரத்துல பக்கத்துல நிக்கக்கூட அவளுக்குக் கொடுத்து வைக்கல. ஒவ்வொரு அடியா பின்னால வச்சா. பத்தாவது அடி வைக்கும்போது சத்தம் கேட்டுச்சாம். நிமிந்து பாத்தா கிணறே இல்ல.

ஊரு சொல்லிச்சு, அம்மன் எடுத்துக்கிட்டான்னு. சடச்சி ஒத்துக்கலியாம். "அவ மேல பழி போடாதீங்க. எடுத்தவ நான்."

ரெண்டு வருசம் கழிச்சு, கொம்பையா வேற இடத்துல வட்டம் இறக்கினான். அவன் கயித்தப் பிடிக்கும்போது சடச்சி வந்தாளாம். அவன் பொண்டாட்டி கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயி, பத்தடி தள்ளி நிறுத்திக் கேட்டாளாம்.

"கல்லுல கை வச்சியா?"

"வைக்கல மதினி."

மூணு தடவ கேட்டாளாம். மூணு தடவையும் வைக்கலன்னு சொன்ன பொறவுதான் தம்பிய இறங்க விட்டா. சாகுற வரைக்கும், அந்தச் சுத்துவட்டாரத்துல எந்தக் கிணறு இறக்கினாலும் நடந்தே போயி கேட்டுட்டு வருவாளாம்.

அவ போன பொறவும் அந்தக் கேள்வி போகல. இன்னைக்கும் அங்க கிணத்து வட்டம் இறக்குனா, உள்ள போறவன் பொண்டாட்டிய பத்தடி தள்ளி நிக்க வச்சு மூணு தடவ கேப்பாங்க. கல்யாணம் ஆகாதவன்னா அவன் ஆத்தாளக் கேப்பாங்க. சடச்சி கேள்வின்னு அதுக்குப் பேரு. என்னப் போயி சந்தேகப்படுதீயளேன்னு எந்தப் பொம்பளையும் கோவப்பட மாட்டாளாம். அந்தப் பத்தடி எதுக்குன்னு அவளுக்குத் தெரியும்.