வினிகரே போதும் என்று

ஆப்பிள் தோலைக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஐயா. சர்க்கரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஜாடியின் வாயை மெல்லிய துணியால் கட்டி வைத்தால் போதும். குமிழி விட்டு, மேலே ஆடை படிந்து, அருமையான வினிகர் கிடைக்கும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். நான் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவன். பொறுமைக்குக் குறைச்சல் இல்லை.

என் மனைவிக்குப் பெருங்குடலில் புண். கழிப்பறைக்கு எத்தனை முறை ஓடினாள் என்று எண்ணுவதையே இருவரும் விட்டுவிட்டோம். ரத்தம் போகும். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, "ஒண்ணுமில்லைங்க, நீங்க வேலையைப் பாருங்க" என்பாள். கதவுக்கு வெளியே நின்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மயிரிழை ஸ்பிரிங்கையும் சரிசெய்கிற கைகள் இவை. அவளுக்கு மட்டும் ஒன்றுக்கும் உதவவில்லை.

அப்போதுதான் வினிகரைப் பற்றிப் படித்தேன். சாப்பாட்டுக்கு முன் ஒரு ஸ்பூன், பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து. முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். "உங்க கடையில இருக்கிற துருப்பிடிச்சதையெல்லாம் இதுல ஊறப்போடுங்க, பளபளன்னு ஆயிடும்" என்று கிண்டல் வேறு. ஆனால் மெல்ல மெல்லத் தேறினாள். ரத்தம் நின்றது. கன்னத்தில் சதை பிடித்தது. கடைத்தெருவரை நடந்துபோய் வந்தோம்.

டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். சிரித்தார். "குடிக்கட்டும், தப்பில்ல. நான் குடுக்கிற கேப்சூலை மட்டும் விட்டுடாதீங்க. அதுதான் நோயை அடக்கி வச்சிருக்கு" என்றார். அவளும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு வலித்தது.

அவர் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பதில் என்ன தப்பு? கடிகாரத்தில் ஒரு பாகம் தேவையா என்று தெரிய, அதைக் கழற்றிவிட்டுத்தான் பார்ப்போம். கேப்சூலை நசுங்காமல் திறப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை. உள்ளே இருந்த மருந்தைக் கொட்டிவிட்டுச் சோள மாவை நிரப்பி மூடினேன். டப்பா முழுவதும். சொன்னால் பயத்திலேயே படுத்துவிடுவாள் என்று அவளிடம் சொல்லவில்லை.

முதலில் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு மறுபடி ரத்தம் வந்தது. வினிகரை இரண்டு ஸ்பூனாக்கினேன். காய்ச்சல் வந்தது. வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. "உயிர் போகுதுங்க. கேப்சூலை ரெண்டா போட்டுக்கட்டுமா?" என்று கெஞ்சினாள். போட்டுக்கொள்ளச் சொன்னேன். நானே எடுத்துக் கொடுத்தேன், தண்ணீரும் கொடுத்தேன். விழுங்கிவிட்டு, "இப்ப கொஞ்சம் பரவாயில்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்தது. சொன்னால், அவள் தேறியதெல்லாம் மருந்தால்தான் என்று ஆகிவிடும். நான் அவளுக்கு எதுவுமே செய்யவில்லை என்று ஆகிவிடும்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க" என்றாள். "நாளைக்குப் பாப்போம்" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். கடைசியில் அவள் தங்கை வந்து பார்த்துவிட்டு, அலறியடித்து வண்டி பிடித்தாள். குடல் ஓட்டையாகிவிட்டது என்றார்கள். அவள் திரும்பி வரவில்லை.

மருந்தை எடுத்தது நான்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. கடைசி இரண்டு நாளும் அவள் வினிகரைத் தொடவே இல்லை. நான் நீட்டிய டம்ளரைத் தட்டிவிட்டாள். குடித்திருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பாள்.