தங்கமணியின் ஃபாரம்

ஜனவரி எனக்குப் பிடித்த மாதம். புத்தாண்டு விடுமுறை முடிந்து எல்லாரும் தூக்கக் கலக்கத்தோடு வருவார்கள். நான் ஆளுக்கொரு ஃபாரம் கொடுப்பேன். கல்யாணம் ஆனதா, எத்தனை பிள்ளைகள், எங்கே குடியிருக்கிறீர்கள். சம்பளத்தில் மாதாமாதம் வருமான வரி பிடிக்கும் முறை தொண்ணூற்றைந்தில் வந்தது. ஒருவர் குடும்ப நிலைமை மாறினால் பிடித்தமும் மாற வேண்டும். மாற்றாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி. அவர் சார்பில் நான்.

என் பெயர் ராமசுப்பிரமணியன். சுங்கை வேயில் ரேடியோ பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அப்போது பத்தொன்பது வருடமாகக் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன்.

தங்கமணி அங்கே லைன் சூப்பர்வைசர். முப்பது வயதிருக்கும். கிள்ளானில் புருஷன் கன்னையாவோடு இருந்தாள். அவன் லோரி ஓட்டுபவன். அடிப்பான். சில திங்கட்கிழமைகளில் அவள் நீளக்கை சட்டை போட்டு வருவாள்; காரணம் எல்லாருக்கும் தெரியும். தொண்ணூற்றைந்து மே மாதம் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அந்த வாரமே, புருஷனைப் பிரிந்துவிட்டதாகவும் பிள்ளை தன் பொறுப்பில் இருப்பதாகவும் புதிதாக ஃபாரம் எழுதிக் கொடுத்தாள். நான் வாங்கி இழுப்பறையில் வைத்தேன். குடும்பச் சண்டை, பத்து நாளில் திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அக்டோபரில் வரி இலாகா அதிகாரி சோதனைக்கு வந்தார். மானேஜர் ராதாகிருஷ்ணன் சில தொழிலாளர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். தங்கமணி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“மே மாசமே கொடுத்துட்டேன் பாஸ். அண்ணேகிட்ட நாலு தடவ கேட்டேன். பாக்குறேன் பாக்குறேன்னாரு.”

ராதாகிருஷ்ணன் என் இழுப்பறையைத் திறக்கச் சொன்னார். அதிகாரி, அவள், டீ கொண்டுவந்த பெண், எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஃபாரம் மேலாகவே இருந்தது. மறுநாள் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வரவில்லை. கடிதத்தை மடித்து என் ஃபைலில் நானே வைத்தேன். ஃபைல்களைப் பராமரிப்பது என் வேலைதானே.

அடுத்த ஜனவரியில் அவளும் ஃபாரம் கொடுத்தாள். முகவரியில் சாலாக் செலாத்தான் என்று ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது. தெருவும் இல்லை, வீட்டு எண்ணும் இல்லை. கூப்பிட்டேன்.

“முழு அட்ரஸ் வேணும்மா. இல்லாட்டி ஃபாரம் செல்லாது.”

“அவரு தேடிக்கிட்டு இருக்காருண்ணே. நீங்க மட்டும் வச்சுக்குவீங்கதானே? வேற யாருக்கும் தெரியக்கூடாது லா.”

“ஆபீஸ் பேப்பர் வெளிய போகாது.”

என் எதிரில் நின்றே எழுதினாள். எழுத்து தெளிவாக இருந்தது. உண்மையில் வீட்டு எண் இல்லாவிட்டாலும் அந்த ஃபாரம் செல்லும். அது எனக்குத் தெரியும்.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கன்னையா வந்தான். வாசல் காவலாளி தம்புசாமி தகவல் சொன்னார். பார்வையாளர் அறையில் உட்காரவைத்தேன். தலை வாரி, சட்டையை உள்ளே விட்டு, மரியாதையாக இருந்தான். மனைவியின் முகவரி கேட்டான். கொடுக்க முடியாது, கம்பெனி விதி என்றேன். விதியை நான் மீறவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

வரிச் சலுகைக்காக ஒரே பிள்ளையைத் தாயும் தகப்பனும் இரண்டு இடத்தில் காட்டக்கூடாது, அதனால் பிள்ளையின் பிறப்புப் பத்திர எண்ணை மட்டும் சரிபார்த்துச் சொல் என்று அவளுடைய ஃபாரத்தை அவன் முன்னால் வைத்தேன். பிறகு தண்ணீர் கொண்டுவரப் போனேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பியபோது ஃபாரம் வைத்த இடத்திலேயே இருந்தது.

“நம்பர் சரிதான் சார்” என்றான். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அவன் பாராங் கத்தியோடு போயிருக்கிறான். மகள் பக்கத்து வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்ததால் தப்பினாள்.

திங்கட்கிழமை லைனில் பெண்கள் அழுதுகொண்டே வேலை செய்தார்கள். தொழிலாளி இறந்தால் வரி இலாகாவுக்கு முதலாளி அறிவிக்க வேண்டும். அன்று காலையே அந்த அறிவிப்பைத் தயார் செய்துவிட்டேன். ராதாகிருஷ்ணன் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“வீட்ட எப்படிய்யா கண்டுபிடிச்சான்?”

“தெரியல பாஸ்.”

அவர் பேப்பரை என் பக்கம் தள்ளினார். நான் தேதி முத்திரை குத்தி உறையில் போட்டேன். கன்னையா தூக்குக் கயிற்றுக்குப் போகும்வரை வாய் திறக்கவில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை.

இத்தனை வருடம் கழித்து, நோட்டுப் புத்தகத்தோடு வந்து, இப்போது நீங்கள் கேட்கிறீர்கள். பெண்டாட்டியைத் தேடி ஒருவன் வந்தான், நீங்கள் அஜாக்கிரதையாக இருந்துவிட்டீர்கள், அவ்வளவுதானே என்கிறீர்கள். தயவுசெய்து அப்படி எழுதிக்கொள்ள வேண்டாம். நான் அஜாக்கிரதையான ஆள் இல்லை.

அவன் தானாக வரவில்லை. பிள்ளையின் வரி விஷயம், நேரில் வர வேண்டும் என்று கிள்ளானில் அவன் வேலை செய்த லோரி கம்பெனிக்கு நான்தான் போன் செய்தேன். முதல் தடவை, அவன் கோத்தா பாருவுக்கு லோடு ஏற்றிப் போயிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாவது தடவை வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் வரவில்லை. மூன்றாவது தடவை அவன் முதலாளியிடமே பேசி, அவனுக்கு அரை நாள் லீவு வாங்கிக் கொடுத்தேன்.