மாணவிகள் சார்பில் ஒருத்தி

“ஊரை உட்டுப் போறவளாப் பாத்துப் பேச உட்டது நம்ம தப்புதான் புள்ள.”

கிணத்துக்கடவு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்த பிளஸ் டூ மாணவி, உட்கார்ந்திருந்த தோழியிடம் இப்படிச் சொன்னாள். அவளுடைய பை தோழியின் மடியில்தான் இருந்தது.

“வேற ஆரு பேசுவா? புள்ளைக சார்பா ஒருத்தி பேசலாம்னுதான் சொன்னாங்க. ஆனா, ஒரு மாசமா ஸ்கூல் குழாயில தண்ணி வர்லீன்னு பெத்தவங்க மீட்டிங்குல சொன்னா, பிராக்டிகல் மார்க்குல கை வெச்சுப்போடுவாங்க. மல்லிகாவுக்கு அந்தப் பயமில்ல. அடுத்த வாரம் ஈரோட்டுக்குப் போறா.”

“நல்லாத்தான் பேசுனா. எச்.எம். சிரிச்சுட்டே எந்திரிச்சு, ‘இந்தப் பொண்ணுக்குக் காத்தாலயே டிசி குடுத்தாச்சுங்க, இது நம்ம ஸ்கூல் பொண்ணே இல்லீங்க’ன்னுட்டாங்க. அத்தோட முடிஞ்சுது.”

“அவங்கப்பாவே டிசி கேட்டிருப்பாரு.”

“அவரு அடுத்த வாரம் வாரேன்னுதான் சொல்லியிருந்தாரு. ஆள் உட்டுக் கூப்பிட்டுக் குடுத்திருக்காங்க. மல்லிகா பேசப்போறது எச்.எம்.முக்கு எப்படித் தெரிஞ்சுது? நம்ம மூணு பேருக்குத்தானே தெரியும்?”

“என்னைய எதுக்குக் கேக்கறே?”

“முந்தாநேத்து எல்லாரும் போன பொறகு, லேப்புல கெமிஸ்ட்ரி டீச்சர்கூட என்ன பேசிட்டிருந்தே?”

“ஒண்ணும் பேசல. டெஸ்ட் டியூப் கழுவிட்டிருந்தேன்.”

“எந்தத் தண்ணியில?”

உட்கார்ந்திருந்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நின்றவள் குனிந்து, அவள் மடியிலிருந்த தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் இறங்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை. பஸ்ஸில் கூட்டமும் குறையவில்லை.