வருகைக் கட்டம்

மாலை ஐந்தே முக்கால் மணி. மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒற்றைச் சாலை. முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை. கீழே பள்ளத்தில் எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்... அந்த இடத்தில்தான் என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு டயர் பஞ்சர் ஆனது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். விளக்கை அணைக்க வேண்டாம், அது பாட்டுக்கு எரியட்டும். நாளைக்குக் கிளம்புகிறோமே, எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிற்பது என்று நீங்கள் பேப்பரும் பேனாவும் எடுத்ததும் எனக்கு அந்த மனுஷன் ஞாபகம் வந்துவிட்டது.

அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது போனது, எப்போது திரும்பியது என்று ஷீட்டில் எழுதுகிற வேலை. இடது பக்கம் புறப்பாடு, வலது பக்கம் வருகை. அந்த வருகைக் கட்டத்தில் அவர் நேரம் போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டால் வண்டி வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் ஒரு கெட்ட பழக்கம். தன் ஷிப்ட் முடிவதற்குள் வராத வண்டிகளுக்கும் முன்கூட்டியே நேரம் எழுதிவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவார். ஒரு மழை ராத்திரி அப்படி எழுதிய பஸ் மூன்று மணி நேரம் லேட். வாட்ச்மேன் போன் போட்டு, "சார், கேட்ல ஒரு பஸ் ஹாரன் அடிக்குது, என்ன பண்ண?" என்று கேட்டிருக்கிறான். இவர் போர்வைக்குள்ளிருந்தே, "ஷீட்ல வந்தாச்சுன்னு இருந்தா கேட்டைத் திறக்காதே" என்றாராம். டிரைவர் பாவம், விடியும்வரை தெருவிலேயே கிடந்தார். இதை இவர் யார் வந்தாலும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பே பிடிக்காது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம், புருஷனும் பெண்டாட்டியும் எங்கேயும் போனதில்லை. ஏரி, மலை, அருவி என்று நாலு நாள் பயணம் முடிவானது. மகள் பாப்பாவுக்குப் பரீட்சை. அதனால் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள என் நண்பன், அதாவது அந்த அம்மாவின் தம்பி, வந்து தங்கினான். மூன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜை முழுக்க மேப். இவர் நூலை வைத்துத் தூரம் அளக்கிறார். மலைச் சாலையைக் கண்ணால் பார்த்ததே இல்லை, டவுன் பஸ் வேகத்துக்குக் கணக்குப் போடுகிறார்.

"ஒரு எடத்துல சும்மா நின்னு பாக்கணும்னு தோணுச்சுன்னா?" என்று கேட்டாள் அக்கா.

அவர் யோசித்து, 'சும்மா நிற்க: 7 நிமிடம்' என்று எழுதினார்.

டிப்போவிலிருந்து கொண்டுவந்த ஷீட்டிலேயே எழுதினார். முதல் நாள், ஏரிக்கரை லாட்ஜ், வருகை 6.10. இப்படியே வந்து, கடைசி வரி, நாலாம் நாள், வீடு, வருகை 7.40. எழுதியதோடு விட்டாரா? கிளம்புகிற அன்று காலையில் அத்தனை வருகைக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். "எழுதினா எழுதினதுதான். இனிமே உன்னால லேட் பண்ண முடியாது" என்று பெண்டாட்டியைச் சீண்டினார். அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அந்த இடது கதவு ஒரு தடவையில் மூடாது. டப்... டப். இரண்டு தடவை அடிக்க வேண்டும்.

ஆக, பஞ்சர். டயரை மாற்றும்போது ஸ்பானர் நழுவி அவர் வலது கட்டை விரலை நசுக்கியது. நகம் கறுத்து, விரல் வீங்கிப்போனது. ஏரிக்கரை லாட்ஜுக்குப் போய்ச் சேரும்போது மணி ஏழரை.

லாட்ஜ்காரர் பேரைக் கேட்டார். பதிவேட்டைப் பார்த்தார். இவர் முகத்தைப் பார்த்தார்.

"நாலாம் நம்பர். ஆறு பத்துக்கே வந்துட்டீங்களே, சாவிகூட வாங்கிட்டுப் போனீங்க."

பதிவேட்டில் இவர் கையெழுத்து... வால் சுழித்தது உட்பட. வேறு சாவி வாங்கிக் கதவைத் திறந்தார்கள். அறையில் யாரும் இல்லை. குளியலறைத் தரை ஈரம். சோப்பு நுரை இன்னும் அடங்கவில்லை. அவள் படுக்கையில் கை வைத்தாள். சூடாக இருந்தது.

"யாருக்கோ குடுத்துட்டு மழுப்புறான்" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். தூங்கவில்லை. புரண்டுகொண்டே இருந்தார்.

மறுநாள் மலை உச்சியில் ஒரு டீக்கடை. ஷீட்படி பதினொன்றேகாலுக்குப் போயிருக்க வேண்டும், போனது ஒன்றரைக்கு. கடைக்காரம்மா சிரித்தபடி வந்து, "காலையில மறந்து வெச்சிட்டுப் போயிட்டீங்க" என்று ஒரு ஹேர் கிளிப்பை நீட்டினாள். பச்சை நிறம், ஒரு பல் உடைந்தது. அக்கா பின்னந்தலையைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய கிளிப் அங்கேயே இருந்தது. கழற்றினாள். பச்சை. ஒரு பல் உடைந்தது.

அதற்கப்புறம் அருவியை யார் பார்த்தார்கள்? போகிற இடத்திலெல்லாம் இவர்களுக்கு முன்னால் இவர்கள் வந்து போயிருந்தார்கள். நிமிஷம் தவறாமல். மூன்றாம் நாள் ராத்திரி அறையில் அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அவங்க உங்க பேப்பர்படி போறாங்க. கடைசி வரி என்ன?"

அவருக்குப் பார்க்கத் தேவையில்லை. வீடு. 7.40. கதவைத் திறக்க ஓடி வருவது பாப்பா.

"கிழிச்சுப் போடுங்க அதை."

"கிழிச்சா மட்டும்..." என்றார்.

இருட்டு பிரியுமுன் கிளம்பினார்கள். எதையும் பார்க்கவில்லை, எங்கும் சாப்பிடவில்லை. முதல் பெரிய வளைவிலேயே லாரி ஒன்று சாலைக்குக் குறுக்கே சரிந்து கிடந்தது. அதை நகர்த்தி வழிவிட ஆறு மணி நேரம். வழியெல்லாம் போனில் சிக்னல் இல்லை. ஊரை நெருங்கி ஏழு இருபதுக்குத் தம்பிக்குப் போன் போட்டால் பிஸி. மறுபடியும் போட்டால் மறுபடியும் பிஸி. அந்த நேரத்தில் என் நண்பன் யாரோடு பேசிக்கொண்டிருந்தான் தெரியுமா? அவன் அக்காவோடு. "சாப்பாடு எடுத்து வைடா, இருபது நிமிஷத்துல வந்துடுவோம்" என்றாளாம்.

இவர்கள் தெருவுக்குள் நுழையும்போது ஏழு ஐம்பத்திரண்டு. கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. உள்ளே அவர்களுடைய கார். அதே நம்பர். இன்ஜின் சூட்டில் வருகிற எண்ணெய் வாசனை கேட்வரைக்கும் வந்தது. ஜன்னலில் வெளிச்சம். பாப்பா சிரிக்கிற சத்தம்.

அவர் மறுபடியும் போன் போட்டார். இந்தத் தடவை மணி அடித்தது.

"மாப்ளே, கேட்டைத் திற. நாங்க வெளியில நிக்கிறோம்."

என் நண்பன் போனைக் காதில் வைத்தபடி எதிரே பார்த்தான். எதிரே மாமா. மடியில் பாப்பா. அவளுக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுக்களையில் அக்கா டம்ளர் கழுவுகிற சத்தம்.

போனில் அந்தக் குரல் முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னது. ஏரிக்கரை, சோப்பு நுரை, கிளிப், லாரி. பதினோரு நிமிஷம். நான் இவ்வளவு நேரம் உங்களுக்குச் சொன்னதெல்லாம் அந்தப் பதினோரு நிமிஷத்தில் அவன் கேட்டதுதான்.

"நம்பலைன்னா அவன் வலது கட்டை விரலைப் பாரு மாப்ளே. என்னுது நசுங்கிப் போயிருக்கு."

நண்பன் பார்த்தான். ஆரஞ்சுத் தோலுக்குள் நகம் இறங்கியது. சுத்தமான நகம்.

மாமா நிமிர்ந்தார். "யாரு மாப்ளே போன்ல?"

நண்பன் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "ஷீட்ல வந்தாச்சுன்னு இருந்தா கேட்டைத் திறக்காதே." அந்த டிரைவர் கதையைச் சொல்லும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. பாப்பாவும் சேர்ந்து சிரித்தாள்.

வெளியே இருந்தவருக்கு அது போனில் கேட்டிருக்க வேண்டும். அடுத்து, வெளியே நின்ற அக்காவின் குரல் வந்தது. அழுது அழுது கட்டிப்போன குரல்.

"பாப்பாவை மட்டும் ஜன்னல்கிட்ட கூட்டிட்டு வாடா. ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுறோம்."

அவன் எழுந்திருக்கவில்லை. பயம். மடியிலிருந்து பாப்பாவைத் தூக்கினால் அந்தக் கை விடுமா என்று பயம். என்னிடம் இதைச் சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

போன் அணைந்தது. தெருவில் கார் கதவு மூடியது.

டப்... டப்.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம். மாமா வேலைக்குப் போகிறார், ஒரு நிமிஷம் லேட் கிடையாது. அக்காவும் குறை இல்லாமல்தான் இருக்கிறாள். பாப்பாவுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் நண்பன் கேட்டுக்குள் நின்ற காரைத் திறந்து அந்த ஷீட்டைத் தேடி எடுத்திருக்கிறான். நாலு நாளும் சரியாக இருந்தது. அதற்குக் கீழே, புதிதாக ஒரு வரி. பென்சிலில், நசுங்கின விரலால் எழுதினதுபோலக் கோணல் மாணலாக: 'ஐந்தாம் நாள். புறப்பாடு 8.05.'

வருகைக் கட்டம் காலியாக இருந்தது. இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.